பேட்டரி வாங்கும் முன் எண்ணைப் படியுங்கள்

விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பவில்லை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். எங்கு பார்த்தாலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

அங்கே ஒரு லயத்தில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா கொழுந்து பறிப்பவர். தம்பி ஜீப் ஓட்டுபவர். அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய டீசல் ஜீப் அது. லயத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அந்த ஜீப்தான் ஓடும்.

அது ஜனவரி மாதம். விடியற்காலை 4 மணி. கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. தம்பி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வெளியே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

ஜீப்பில் ஏறினார். லைட் போட்டார். எரிந்தது. ஹாரன் அடித்தார். ஒலித்தது. சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். மறுபடியும் 'டக்'.

"லைட்டு எரியுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்றார் அக்கா.

பதில் சொல்ல நேரமில்லை. லயத்து ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து ஜீப்பைச் சரிவு வரை தள்ளினார்கள். சரிவில் உருண்டபோது வண்டி ஸ்டார்ட் ஆனது. பதினைந்து நிமிடம் வீணாகிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். இருந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தை லயத்தில் யாரும் மறக்கவில்லை.

அந்தப் பேட்டரி இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. தம்பி ஒரு சவாரிக்காகப் போடிநாயக்கனூர் போனபோது, விலை குறைவு என்று அங்கே ஒரு கடையில் வாங்கிவந்தார். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

குளிரில் ஏன் இப்படி?

மறுநாள் இருவரும் மூணாறு டவுனில் உள்ள ஒரு பேட்டரிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வயதானவர். நாற்பது வருடமாக இதே தொழில்.

"அண்ணாச்சி, லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, வண்டி மட்டும் கிளம்பலை. இது என்ன கூத்து?" என்று கேட்டார் அக்கா.

கடைக்காரர் சிரித்தார். "இதுல கூத்து ஒண்ணும் இல்லை, தாயி. கணக்குத்தான்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஆம்பியர் என்ற அளவால் சொல்கிறோம். ஜீப்பின் முன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். ஆனால் இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். விளக்கு எரிவது சிறு வேலை. செல்ஃப் சுற்றுவது பெரிய வேலை. பலம் குறைந்த பேட்டரி சிறு வேலையைச் செய்யும். பெரிய வேலை வரும்போது படுத்துவிடும்.

குளிரில் இந்தப் பெரிய வேலை இன்னும் பெரிதாகிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஆயில் அப்படி உறையாது. ஆனால் குழம்பு போலக் கெட்டியாகும். கெட்டியான ஆயிலுக்குள் இன்ஜினைச் சுற்ற அதிகப் பலம் வேண்டும்.

அதே நேரத்தில் பேட்டரியின் பலம் குறைகிறது. பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. அவை தண்ணீர் கலந்த கந்தக ஆசிட்டில் மூழ்கியிருக்கின்றன. தகடும் ஆசிட்டும் சேர்ந்து வேதிமாற்றம் அடையும்போது மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கினால், பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது.

வேலை கூடுகிறது. பலம் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால்தான் மாலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி விடியற்காலையில் கிளம்ப மறுக்கிறது.

டீசல் வண்டிக்குத் தொல்லை இன்னும் அதிகம். டீசல் இன்ஜின் காற்றை மிகவும் இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலை எரிக்கிறது. அவ்வளவு இறுக்கமான இன்ஜினைச் சுற்றுவது கடினம். அதனால் பெட்ரோல் காரைவிட டீசல் ஜீப்புக்குப் பலமான பேட்டரி தேவை.

"அப்போ பேட்டரியைக் கெடுத்தது குளிருதானா?" என்று தம்பி கேட்டார்.

"இல்லை தம்பி. பேட்டரியை அதிகமாகக் கெடுக்கிறது சூடு. கீழ்நாட்டு வெயிலும் இன்ஜின் சூடும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். வெயில் காலத்துல அது வெளியே தெரியாது. குளிர் வந்ததும் தெரிஞ்சுபோகும்" என்றார் கடைக்காரர்.

முதலில் பழையதைச் சோதிக்க வேண்டும்

புதிய பேட்டரி கேட்டு வந்தவர்களிடம் கடைக்காரர் உடனே எடுத்து நீட்டிவிடவில்லை. குற்றம் பேட்டரியில்தானா என்று பார்க்க வேண்டும் என்றார். நல்ல கடைக்காரர் இப்படித்தான் செய்வார்.

முதலில் டெர்மினல்களைப் பார்த்தார். வயர் மாட்டுகிற இரண்டு ஈயக் குமிழ்களைத்தான் டெர்மினல் என்கிறோம். அதில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தது. அந்தப் பூப்பு மின்சாரத்தைத் தடுக்கும். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து அதைக் கழுவினார். வயர் பிடியை முறுக்கினார். சில வண்டிகளில் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்து ஃபேன் பெல்ட். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இந்த ஜீப்பில் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார். 14 வோல்ட் காட்டியது. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள்.

பிறகு பேட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் சார்ஜ் போட்டார். முழுச் சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். இந்தப் பேட்டரி சார்ஜ் ஏறிய பிறகு 12.5 காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் தம்பி.

"இப்போ சுமை ஏத்திப் பார்ப்போம்" என்றார் கடைக்காரர். செல்ஃபைச் சுற்றச் சொன்னார். மீட்டரின் முள் 8 வோல்ட்டுக்கு இறங்கியது. நல்ல பேட்டரி செல்ஃப் சுற்றும்போது சுமார் 9½ வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, குற்றம் பேட்டரியில்தான். அதை மாற்றியே ஆக வேண்டும்.

எழுத்தின் உருவம் தெரிந்தால் போதும்

கடைக்காரர் இரண்டு புதிய பேட்டரிகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. ஒரே நிறம். ஒன்றின் விலை குறைவு. மற்றதன் விலை கொஞ்சம் அதிகம்.

தம்பி விலை குறைந்ததன் மேல் கை வைத்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இரு. என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிப்போம்."

அக்கா இரவு வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர். ஆனால் பேட்டரியின் மேல் இருந்த எழுத்துகள் ஆங்கிலம். கடைக்காரர் அவற்றின் உருவத்தைச் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் கீழே கூராகவும் மேலே விரிந்தும் ஓர் எழுத்து இருந்தால் அது 'வி'. வோல்ட் என்று பொருள். கார், ஜீப் எல்லாவற்றுக்கும் பொதுவாக 12 வோல்ட்தான்.

எண்ணுக்குப் பின்னால் கூரை வீடு போல ஓர் எழுத்து. கூரைக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அது 'ஏ'. அதற்கு அடுத்து ஒரே படி உள்ள ஏணி போல ஓர் எழுத்து. அது 'எச்'. இரண்டும் சேர்ந்தால் 'ஏ.எச்.' ஆம்பியர் மணி என்று பொருள். எச் சில அட்டைகளில் சிறிய எழுத்தாக, நாற்காலியைப் பக்கவாட்டில் பார்ப்பது போல இருக்கும்.

முதலில் பிறை நிலா போல இரண்டு எழுத்து. பிறகு ஒரு கூரை வீடு. இது 'சி.சி.ஏ.' குளிரில் இன்ஜினைச் சுற்றிவிடும் பலம் என்று பொருள். மூணாறு போன்ற இடத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

ஆம்பியர் மணி வேறு, சி.சி.ஏ. வேறு

இரண்டும் பலத்தைத்தானே சொல்கின்றன? என்ன வித்தியாசம்?

தோட்டத்தில் ஒருவர் சிறு சுமையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பார். இன்னொருவர் கனத்த மூட்டையை ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றுவார். முதல் ஆளின் பலம் ஆம்பியர் மணி. இரண்டாவது ஆளின் பலம் சி.சி.ஏ.

ஒரு பேட்டரியில் 60 ஆம்பியர் மணி என்று இருந்தால், அது 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும். இது மெல்ல மெல்லக் கொடுக்கும் கணக்கு.

சி.சி.ஏ. அப்படியல்ல. புதிய பேட்டரியை முழுச் சார்ஜ் ஏற்றி, பூஜ்யத்துக்கு 18 டிகிரி கீழே குளிர வைக்கிறார்கள். அந்தக் குளிரில் 30 விநாடி வரை எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து தள்ள முடிகிறது என்று பார்க்கிறார்கள். அப்போது வோல்ட் 7.2-க்குக் கீழே இறங்கக் கூடாது. 400 ஆம்பியர் தள்ள முடிந்தால் அதன் சி.சி.ஏ. 400.

"மூணாறுல அவ்வளவு குளிரு கிடையாதே, அண்ணாச்சி?" என்றார் அக்கா.

உண்மைதான். மூணாறில் சில ஆண்டுகளில்தான் பூஜ்யத்துக்குக் கீழே போகும். 2019 ஜனவரியில் அப்படிப் போனது. அப்போதும் 18 டிகிரி கீழே போய்விடவில்லை. லடாக்கில் உள்ள திராஸ் போன்ற ஊர்களில்தான் அவ்வளவு குளிர் அடிக்கும். ஆனால் இது ஒரு பரீட்சை போன்றது. கடினமான பரீட்சையில் அதிக மதிப்பெண் வாங்கிய பேட்டரி, நம் ஊர்க் குளிரில் சிரமப்படாது.

கடைக்காரர் வைத்த இரண்டு பேட்டரியையும் அக்கா படித்தார். இரண்டிலும் 12 வோல்ட். இரண்டிலும் 65 ஆம்பியர் மணி. ஆனால் விலை குறைந்ததில் சி.சி.ஏ. 400. மற்றதில் 520.

"வண்டியோட வந்த புத்தகம் இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். இருந்தது. அதைப் புரட்டினார்கள். அந்த ஜீப்புக்குக் குறைந்தது 480 வேண்டும் என்று போட்டிருந்தது. 400 போதாது. 520 போதும்.

அக்கா விலை கூடியதன் மேல் கை வைத்தார். "சல்லிசா வாங்கினதுக்குத்தான் அன்னைக்கு ஆறு பேர் தள்ளினோம்" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கே சில செய்திகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் எண் மாறும். உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். புத்தகம் இல்லை என்றால் பேட்டரிக் கம்பெனியின் பட்டியலைக் கடையில் கேளுங்கள். எந்த வண்டிக்கு எந்த பேட்டரி என்று அதில் இருக்கும்.

வண்டிக்குச் சொன்ன எண்ணைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

சில பேட்டரிகளில் பிறை ஒன்று, கூரை ஒன்று என்று 'சி.ஏ.' மட்டும் இருக்கும். அது 0 டிகிரியில் பார்த்த பலம். அந்தப் பரீட்சை எளிது. அதனால் எண் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சி.சி.ஏ.யைச் சோதிக்கும் முறைகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே முறையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். அட்டையில் சி.சி.ஏ. இல்லவே இல்லை என்றால் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இன்னும் நான்கு கேள்விகள்

பலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பணம் கொடுக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

ஒன்று, அளவு. நீளம், அகலம், உயரம் பழைய பேட்டரி போலவே இருக்க வேண்டும். பேட்டரி அதன் தட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். மலைப் பாதைக் குலுக்கலில் ஆடினால் உள்ளே தகடுகள் உடையும். உயரம் கூடினால் டெர்மினல் பானெட்டில் இடித்துத் தீப்பொறி பறக்கும்.

இரண்டு, டெர்மினல் பக்கம். கூட்டல் குறி போட்டது பாசிட்டிவ். கழித்தல் குறி போட்டது நெகட்டிவ். பழைய பேட்டரியில் எது எந்தப் பக்கம் இருந்ததோ, புதியதிலும் அதே பக்கம் இருக்க வேண்டும். மாறினால் வயர் எட்டாது. இழுத்து மாற்றி மாட்டினால் வண்டியின் மின்சாதனங்கள் எரிந்துபோகும்.

மூன்று, செய்த தேதி. பேட்டரி கடையில் சும்மா இருந்தாலும் அதன் சார்ஜ் மெல்லக் குறையும். எந்த மாதம், எந்த ஆண்டு செய்தது என்று கேளுங்கள். பல மாதம் கடையில் கிடந்ததை வாங்காமல் புதிதாக வந்ததைக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான்கு, வாரண்டி. சில அட்டைகளில் 24 கூட்டல் 24 மாதம் என்று இருக்கும். முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் பழுதானால் புதியதன் விலையில் ஒரு பகுதியை மட்டும் குறைப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாட்டும்போது கவனம்

பேட்டரி ஆசிட் தோலையும் கண்ணையும் பொசுக்கும். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கும். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது நெகட்டிவ் வயரைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்பானர் தவறி வண்டியின் உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது. மாட்டிய பிறகு டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பூப்பு பிடிக்காது.

தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள பேட்டரியில் தகடு மூழ்கும் வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்.

குளிரில் ஸ்டார்ட் செய்யும் முன் லைட்டை அணையுங்கள். கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். கிளம்பவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி சுற்றுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

பழைய பேட்டரிக்குள் ஈயம் இருக்கிறது. ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வாசலில் உடைக்கக் கூடாது. ஈயத்தை அடுப்பில் உருக்கக் கூடாது. ஆசிட்டை ஓடையில் கொட்டக் கூடாது.

பழைய பேட்டரியைத் திரும்ப வாங்குவதற்கு இந்தியாவில் 2001 முதலே சட்ட விதிகள் உண்டு. 2022-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. பழையதைக் கடையில் கொடுங்கள். புதியதன் விலையில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வார்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்று பில்லில் படித்துப் பாருங்கள்.

அடுத்த குளிர் காலை

பத்து நாள் கழித்து மறுபடியும் உறைபனி விழுந்தது. விடியற்காலை 5 மணிக்கு ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். தம்பி லைட்டை அணைத்தார். கிளட்சை மிதித்தார். சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் கிளம்பியது. தள்ளுவதற்கு வந்து நின்ற ஆட்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா தன் வகுப்பு நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 12 வோல்ட், 65 ஆம்பியர் மணி, சி.சி.ஏ. 520, வாங்கிய தேதி. பக்கத்துத் தோட்டத்து ஜீப்காரர்களும் வந்து, தங்கள் வண்டிக்கு எந்த எண் வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள்.

யோசியுங்கள், பேசுங்கள்

1. லைட் எரிந்தும் ஜீப் ஏன் கிளம்பவில்லை?
2. ஆம்பியர் மணிக்கும் சி.சி.ஏ.க்கும் என்ன வித்தியாசம்?
3. உங்கள் ஊரில் உள்ள ஒரு வண்டியின் பேட்டரியைப் பாருங்கள். அதன் மேல் என்னென்ன எண்கள் இருக்கின்றன? எழுதுங்கள்.